பழைய கைபேசியில் அலுவலக அஞ்சல் மட்டும் பிழைத்தது ஏன்?

2006-இல் வாங்கிய, விண்டோஸ் மொபைல் 5.0 இயங்கும் கைபேசி ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து மீண்டும் சார்ஜ் செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்ச் 2003 (மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல், நாட்காட்டி மென்பொருள்) சர்வரோடு அதை இணைத்திருந்த காலத்தில் அஞ்சல் எப்போதும் சரியாக வந்தது என்றும், தொடர்புகள் இரண்டிரண்டாகப் பெருகின என்றும், சில தொடர்புகள் காணாமலே போயின என்றும், பிறந்தநாள்கள் இரண்டு தேதிகளில் பரவி நின்றன என்றும், 2007 மார்ச்சில் அமெரிக்கக் கிளையோடு நடந்த கூட்டங்கள் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டின என்றும் சொல்கிறீர்கள். இதே கைபேசியை இன்றைய அலுவலகக் கணக்கோடு இணைக்க முடியுமா என்பது நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி. ஆனால் கைபேசியும் சர்வரும் கணக்கும் ஒன்றாகவே இருந்தபோது அஞ்சல் மட்டும் எப்படிப் பிழைத்தது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டுகளில் அலுவலக அஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பதும், ஊழியர்களின் கைபேசிகளை அவற்றோடு இணைத்துக் கொடுப்பதும் என் பணியாக இருந்தன. நீங்கள் சொன்னவற்றுள் இரண்டுக்கு உறுதியான காரணம் சொல்ல முடியும், ஒன்றுக்கு வலுவான ஊகம் உண்டு, மீதமுள்ள ஒன்றை இத்தனை காலத்துக்குப் பிறகு எவராலும் தீர்மானிக்க முடியாது.

முதலில் அஞ்சலை எடுத்துக்கொள்வோம். வந்து சேர்ந்த ஓர் அஞ்சலின் உள்ளடக்கத்தை அதன் பிறகு யாரும் திருத்துவதில்லை. படித்ததாகக் குறிப்பது, நீக்குவது, வேறு கோப்புறைக்கு நகர்த்துவது ஆகியவை மட்டுமே அதற்கு நேரக்கூடியவை. உங்கள் கைபேசி இயல்பாகக் கடைசி மூன்று நாள்களின் அஞ்சல்களை, அவற்றிலும் ஒவ்வொன்றின் தொடக்கப் பகுதியை மட்டும், படியெடுத்து வைத்துக்கொண்டது. மூலம் எப்போதும் சர்வரில் இருந்தது. கைபேசி முழுவதும் அழிந்துபோனாலும் மறுபடி இணைத்தவுடன் அதே மூன்று நாள் அஞ்சல்கள் திரும்ப வந்துவிடும். கைபேசியும் சர்வரும் முரண்படுவதற்கு அஞ்சலில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. அது ஒழுங்காக நடந்ததற்கு மென்பொருளின் திறமையைவிட இந்த இயல்புதான் பெரிய காரணம். 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனும் எக்ஸ்சேஞ்ச் அஞ்சலை ஐமேப் என்ற பொது அஞ்சல் நெறிமுறை வழியாக எடுத்துக்கொள்ள முடிந்தது, அதன் நாட்காட்டிக்கும் தொடர்புகளுக்கும் ஐட்யூன்ஸ் என்ற கணினி மென்பொருளும் கேபிளும் தேவைப்பட்டன. அவையும் வான்வழி, அதாவது கேபிள் இல்லாமல், வந்து சேர்ந்தது 2008 ஜூலையில், கைபேசியும் எக்ஸ்சேஞ்சும் பேசிக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் நெறிமுறையான ஆக்டிவ்சிங்கின் உரிமத்தோடு ஐபோன் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு வெளியான பிறகுதான். அஞ்சல் எளிது, மற்ற இரண்டும் கடினம் என்பது அன்று எல்லா நிறுவனங்களின் கைபேசிகளுக்கும் பொதுவாக இருந்த நிலை.

தொடர்புகளும் நாட்காட்டியும் அப்படிப்பட்டவை அல்ல. ஒரே கணக்குப் புத்தகத்துக்கு இரண்டு படிகள் எடுத்து, இரண்டு ஊர்களில் இரண்டு பேர் தத்தம் படியில் எழுதியும் அடித்தும் வந்து, அவ்வப்போது சந்தித்து ஒப்பிட்டுக்கொள்வதைப் போன்ற வேலை அது. ஒருவர் திருத்தியதை மற்றவர் அடித்திருந்தால் யார் சொல்வது செல்லும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஆக்டிவ்சிங்க் நெறிமுறையில் அந்த முடிவு இயல்பாகச் சர்வருக்குச் சாதகமாக வைக்கப்பட்டிருந்தது, அதாவது இரு பக்கமும் ஒரே தொடர்பு மாறியிருந்தால் கைபேசியில் நீங்கள் செய்த திருத்தம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அமைப்புகளில் இதை மாற்றும் தேர்வு இருந்தது என்றாலும் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

ஒப்பிடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பெயரையோ எண்ணையோ பார்த்து இரண்டு பதிவுகள் ஒன்றுதான் என்று ஒத்திசைவு மென்பொருள் (இரு பக்கப் படிகளையும் ஒன்றுபோல் ஆக்குவது) முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் ஓர் அடையாள எண் தருகிறது. கைபேசி தன்னிடமுள்ள எந்தப் பதிவு சர்வரின் எந்த எண்ணுக்குரியது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் சர்வர் ஒரு திறவுச்சொல்லைக் கொடுத்தனுப்பும். அடுத்த முறை கைபேசி அதைத் திருப்பிக் காட்டினால், கடைசியாகச் சந்தித்ததிலிருந்து மாறியவை மட்டும் பரிமாறப்படும். திறவுச்சொல் பொருந்தவில்லை என்றால் பழைய ஒப்பந்தம் செல்லாது என்று கருதி, பூஜ்யத்திலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். பாம் நிறுவனக் கைபேசிகளின் ஹாட்சிங்க் என்ற ஒத்திசைவு முறையிலும் இதே தர்க்கம்தான் இருந்தது: கடைசியாக இணைந்த அதே கணினியோடு இணைந்தால் மாறிய பதிவுகளை மட்டும் பார்க்கும், வேறு கணினி என்றால் ஒவ்வொரு பதிவையும் ஒப்பிடும். பல நிறுவனங்கள் சேர்ந்து 2000-இல் தொடங்கிய சிங்க்எம்எல் என்ற பொது ஒத்திசைவு முறையிலும் இரு பக்கக் குறிகளும் பொருந்தாவிட்டால் முழு ஒப்பீடுதான். இந்த முழு ஒப்பீடு நடக்கும் தருணமே எப்போதும் ஆபத்தான தருணம்.

உங்கள் தொடர்புகள் இரண்டிரண்டானதற்கு நான் காணும் வலுவான ஊகம் அந்தத் தருணத்தைப் பற்றியது. கைபேசியை முதலில் யூஎஸ்பி கேபிள் வழியாக அலுவலகக் கணினியின் அவுட்லுக் அஞ்சல் மென்பொருளோடு இணைத்ததாகவும், சில மாதங்களுக்குப் பிறகு தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் நேரடியாகச் சர்வரோடு வான்வழி இணைத்துக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அவுட்லுக் காட்டிய தொடர்புகளும் அதே சர்வரில் இருந்தவைதாம். ஆகவே ஒரே நபரின் விவரம் கேபிள் வழியாக ஓர் அடையாளத்தோடும், வான்வழி வேறோர் அடையாளத்தோடும் கைபேசிக்கு வந்தது. வழி மாறும்போது, ஏற்கெனவே கைபேசியில் இருப்பவற்றைப் புதியவற்றோடு சேர்க்கவா, அல்லது அவற்றை நீக்கிவிட்டுப் புதியவற்றை வைக்கவா என்ற பொருளில் ஒரு கேள்வி திரையில் தோன்றும். எதையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெரும்பாலோர் சேர்க்கச் சொன்னார்கள். அப்படிச் சேர்த்தவுடன் கைபேசியின் பழைய பதிவுகள் சர்வருக்குப் புதியவையாகத் தெரிந்து மேலேறின. சர்வரிலிருந்து அவுட்லுக்குக்கும் இறங்கின. இரட்டைப் பதிவு ஒரு கைபேசியோடு நிற்காமல், அந்தக் கணக்கு திறந்திருந்த எல்லா இடங்களுக்கும் பரவியது இப்படித்தான். உங்கள் கணினியிலும் அதே இரட்டிப்பு தெரிந்திருந்தால் என் ஊகம் சரி. கைபேசியில் மட்டும் தெரிந்திருந்தால் காரணம் வேறு, அநேகமாகச் சிம் அட்டையில் இருந்த எண்கள் தொடர்புப் பட்டியலில் கலந்து காட்டப்பட்டிருக்கும்.

காணாமல் போன தொடர்புகள்தாம் நான் தீர்மானிக்க முடியாதவை. எக்ஸ்சேஞ்ச் 2003 தன் இயல்பான தொடர்புக் கோப்புறையில் உள்ளவற்றை மட்டுமே கைபேசிக்கு அனுப்பியது. நீங்கள் அவுட்லுக்கில் வாடிக்கையாளர்களுக்கென்று தனிக் கோப்புறை வைத்திருந்தால் அவர்கள் கைபேசிக்கு வந்திருக்கவே மாட்டார்கள், அதாவது காணாமல் போகவும் இல்லை. அல்லது இரட்டைப் பதிவுகளைக் கண்டு சலித்துப்போய் கைபேசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கியிருக்கலாம். அப்போது நீக்கம் சர்வருக்கும் செல்லும், முழு விவரம் கொண்ட பதிவு எது, வெறும் பெயரும் எண்ணும் கொண்டது எது என்பது சிறிய திரையில் தெரியாது. மூன்றாவதாகவும் ஒன்றுண்டு. ஒரு கைபேசி தன்னால் எந்தெந்தப் புலங்களை (பெயர், எண், முகவரி போன்ற கட்டங்களை) வைத்துக்கொள்ள முடியும் என்று தொடக்கத்திலேயே சர்வரிடம் அறிவிக்கும், மற்றப் புலங்களைச் சர்வர் தொடாமல் காப்பாற்றும். இந்த அறிவிப்பைச் சரியாகச் செய்யாத சில மூன்றாம் தரப்பு மென்பொருள்கள், தொடர்பின் ஓர் எண்ணைத் திருத்தும்போது முகவரியையும் குறிப்பையும் வெறுமையாக்கிவிட்டன. பதிவு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. உங்களுக்கு நேர்ந்தது இம்மூன்றில் எது என்று அன்றே பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் 2003 நீக்கியவற்றை மீட்பதற்காக இயல்பாக 7 நாள்கள் மட்டுமே வைத்திருந்தது.

பிறந்தநாள் விஷயத்தில் ஐயமே இல்லை. நாள் முழுவதுக்குமான நிகழ்வு என்று நாம் சொல்வதை அந்தக் கால மென்பொருள்கள் ஒரு தேதியாகச் சேமிக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட நேர மண்டலத்தின் நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடியும் 24 மணி நேர நிகழ்வாகவே சேமித்தன. கைபேசியின் நேர மண்டலமும் நிகழ்வைப் பதிந்த கணினியின் நேர மண்டலமும் வேறாக இருந்தால், அந்த 24 மணி நேரம் ஒரு நாளின் மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிவதாகக் கணக்கிடப்பட்டு இரு தேதிகளிலும் விழும். பயணத்தின்போது கைபேசியின் கடிகாரத்தை மட்டும் மாற்றி, நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டவர்களுக்கு நிலை இன்னும் மோசமானது. கூட்டங்களின் நேரமும் பிறழ்ந்தது. ஐகேலண்டர் என்ற பொதுவடிவம் 1998-லேயே தேதியை மட்டும் கொண்ட நிகழ்வுக்கு இடம் கொடுத்திருந்தது என்பதை நினைக்கும்போது, இந்தத் தொல்லை தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

2007 மார்ச் கூட்டங்களுக்கும் காரணம் உறுதியாகத் தெரியும். அமெரிக்காவில் 2005-இல் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டத்தின்படி, கோடைக்கால நேரம் ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பதிலாக மார்ச் இரண்டாம் ஞாயிறன்று தொடங்க வேண்டும் என்ற மாற்றம் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அது மார்ச் 11. கைபேசியின் இயங்குதளத்துக்குள் பொதிக்கப்பட்டிருந்த நேர விதிகளோ ஏப்ரல் 1 வரை பழைய நேரம்தான் என்று நம்பின. சர்வரும் கணினிகளும் கைபேசிகளும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திருத்தம் பெற வேண்டியிருந்தது. எது முன்பு திருத்தப்பட்டது என்பதைப் பொறுத்து, ஏற்கெனவே பதிவாகியிருந்த கூட்டங்கள் ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் நகராமலும் நின்றன. அந்த மூன்று வாரங்களுக்கு வெளியே உங்கள் கூட்டங்கள் சரியாக இருந்தன என்று நீங்களே எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. அவ்வாண்டு அக்டோபர் 28-க்கும் நவம்பர் 4-க்கும் இடையிலும் இதே பிறழ்வு நேர்ந்திருக்கும், பழைய நாள்காட்டிப் பதிவுகள் இன்னும் கைபேசியில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி அரை நாளில் தீர்ந்தது பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எக்ஸ்சேஞ்ச் 2003-இன் தொடக்கக் காலத்தில் புதிய அஞ்சல் வந்தவுடன் சர்வர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கைபேசியை எழுப்பியது. 2005 இறுதியில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) அதை மாற்றியது: கைபேசி சர்வரிடம் ஒரு கோரிக்கையை வைத்துவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும், மாற்றம் ஏதும் வந்தால் சர்வர் உடனே பதிலளிக்கும், வராவிட்டால் குறித்த நேரத்தில் வெறும் பதில் தரும், கைபேசி மறுபடி கோரும். இடையிலுள்ள ஃபயர்வால்கள் (வலையமைப்புக் காவல் அரண்கள்) பேச்சில்லாத இணைப்பை 30 நிமிடங்களாவது துண்டிக்காமல் விட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது. சில நிமிடங்களிலேயே துண்டித்த இடங்களில் கைபேசி ஓயாமல் எழுந்து புதிய இணைப்பைத் திறந்தது; பேட்டரி அங்குதான் கரைந்தது. பிளாக்பெர்ரி வேறு பாதையில் சென்றது. நிறுவனத்துக்குள் இருந்த அதன் சர்வர் 3101 என்ற போர்ட் வழியாக வெளியே, பிளாக்பெர்ரியைத் தயாரித்த ரிம் நிறுவனத்தின் மையத்தோடு ஒரே இணைப்பை வைத்திருக்க, அந்த மையம் தொலைபேசி நிறுவனங்களின் வழியாகக் கைபேசிக்குத் தள்ளிக்கொடுத்தது. அஞ்சல் தள்ளுவதில் அதற்கு அன்று நிகரில்லை என்பது என் கருத்து, ஆனால் அங்கும் தொடர்புகள் முதல் ஆண்டுகளில் கேபிள் வழியாகத்தான் ஒத்திசைந்தன.

இனி நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் இன்றைய அலுவலகக் கணக்கு மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு இந்தக் கைபேசியை இணைக்க முடியாது. இந்த இயங்குதளம், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் என்ற முறையில் 1.0-க்கு மேற்பட்ட பதிப்பை அறியாது, அந்தச் சேவையோ 2020 அக்டோபரிலிருந்து படிப்படியாக 1.2-க்குக் குறைந்ததை ஏற்பதை நிறுத்திவிட்டது. அதைத் தாண்டினாலும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அனுப்பும் பழைய அடையாளச் சோதனை ஒன்றுதான் இந்தக் கைபேசிக்குத் தெரியும். அதையும் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அமைப்புகளில் எதை மாற்றினாலும் இவ்விரு கதவுகளும் திறக்கா. சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களில் பழைய மறையாக்கத்தை அனுமதிக்கும்படி நிர்வாகியிடம் கேட்க இயலும், ஆனால் ஒரு கைபேசிக்காக எல்லாருடைய அஞ்சலின் பாதுகாப்பையும் தளர்த்தும்படி கேட்பது சரியல்ல. நான் நிர்வாகியாக இருந்தால் மறுப்பேன்.

கைபேசியை எதனோடும் இணைத்துப் பார்க்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. கைபேசி இயங்குகிறது என்றால், உள்ளே 2007-இன் தொடர்புகள் இன்னும் இருக்கக்கூடும், ஏனெனில் பேட்டரி தீர்ந்தாலும் தரவு அழியாத நினைவகம் விண்டோஸ் மொபைலுக்கு வந்ததே 5.0-இல்தான். அதற்கு முந்தைய பதிப்பாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் எல்லாம் போயிருக்கும். ஆகவே எந்தக் கணக்கையும் சேர்க்காமல், பழைய சர்வர் இணைப்பை அமைப்புகளிலிருந்து நீக்கவும் முயலாமல் (நீக்கினால் அதனோடு வந்த தொடர்புகளும் அழிக்கப்படலாம்), ரேடியோவை (தொலைபேசி வலையமைப்பு இணைப்பை) அணைத்துவிட்டு முதலில் அவற்றை வெளியே எடுங்கள். தொடர்பைத் திறந்து அனுப்பும் தேர்வைப் பயன்படுத்தி, புளூடூத்தை மட்டும் இயக்கி, ஒவ்வொன்றாக வீகார்டு (தொடர்பு விவரத்துக்கான பொதுவடிவம்) கோப்பாகக் கணினிக்கு அனுப்புவது மெதுவானது, ஆனால் கைபேசியில் எதையும் மாற்றாதது. கேபிள் வழியாக ஆக்டிவ்சிங்க் 4.5 (நெறிமுறையின் பெயரையே கொண்ட கணினி மென்பொருள்) இயங்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு இணைப்பது வேகமானது. அங்கே புதிய ஒத்திசைவு உறவு ஏற்படுத்த வேண்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி, விருந்தினராக மட்டும் நுழைந்து கோப்புகளைப் பார்க்கலாம், தொடர்புகள் மட்டும் அப்படி வெளிவரா. உங்களிடம் சில நூறு தொடர்புகளே இருந்தால் புளூடூத் வழியையே பரிந்துரைப்பேன்.

எடுத்து முடித்த பிறகு கைபேசியை மீண்டும் உயிரோடு ஒத்திசையச் செய்து பார்க்கும் ஆவல் இருந்தால் அதற்கும் வழியுண்டு, அலுவலகத் தரவை விட்டுவிட்டால். இஸட்-புஷ் என்ற கட்டற்ற மென்பொருள் ஆக்டிவ்சிங்க் நெறிமுறையைப் பேசும். அதை வீட்டு வலையமைப்புக்குள் ஒரு சிறு கணினியில் நிறுவி, பின்னால் ஐமேப் (அஞ்சல்), கேல்டேவ் (நாட்காட்டி), கார்டுடேவ் (தொடர்புகள்) சேவைகளை இணைக்கலாம். கைபேசியின் சர்வர் அமைப்பில் மறையாக்க இணைப்பு தேவை என்ற குறியை எடுத்துவிட்டால் சான்றிதழ்ச் சிக்கலும் எழாது, வீட்டு வலையமைப்பை விட்டு வெளியே மட்டும் இதைச் செய்யக் கூடாது. இதற்கென்று வெறுமையான ஒரு புதிய கணக்கைத் தொடங்குங்கள். முதல் நாள் தொடர்புகளை மட்டும் இணைத்து, மூலம் சர்வரில்தான் என்று முடிவு செய்து, சேர்க்கவா நீக்கிவைக்கவா என்ற கேள்வி வரும்போது கைபேசியில் உள்ளதை நீக்கிவைக்கும் தேர்வைக் கொடுங்கள். பத்துத் தொடர்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு நாட்காட்டியை இணைக்கலாம், அதற்கு முன்பாகக் கைபேசியின் நேர மண்டலம் சர்வரின் நேர மண்டலத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.